ரீட்டா கடையின் காரத்தன்மை ஜூஸ்

ஞாயிறு முதல் பூசை முடிந்து எல்லோரும் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். ரீட்டா மட்டும் பர்ஸைத் திறந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் தாளைக் கிழித்து, தீர்த்தத்தில் முக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தாள் மெல்லப் பச்சையானது. பின்னால் வந்த உபதேசியார் ஆரோக்கியதாஸ் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது?”

“ஏழுங்க. புளிப்புப் பக்கமும் போகல, சோப்புப் பக்கமும் போகல. நட்ட நடுவுல நிக்கிது.”

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தாளையே பார்த்த உபதேசியார், கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நம்ம கோயில் போர் தண்ணிய ஒருதடவ பாத்துச் சொல்லேன்” என்றார்.

அந்த மாதம் அவள் கண்ணில் பட்ட ஈரமான எதுவும் தப்பவில்லை. புளிக்கரைசல், நீச்சத்தண்ணி, மோர், கணவர் பெலிக்ஸின் சவர நுரை, பக்கத்து வீட்டு மீன்தொட்டி, பஸ் ஸ்டாண்டு டீ எல்லாவற்றிலும் தாளை முக்கிவிட்டாள். சிவந்தால் புளிப்பு, நீலமானால் காரத்தன்மை. ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்ட வண்ண அட்டை மனப்பாடம். ஆவூரில் பிறந்த வீட்டுக்குப் போனவள் அண்ணி கையில் இருந்த காப்பியைக்கூட வாங்காமல் நேராகக் கிணற்றுக்குப் போனாள். திரும்பி வந்தும் அந்தப் பேச்சுதான். “எங்கண்ணன் வீட்டுக் கெணத்துல எட்டு வருதுங்க. இதே எட்டுத் தண்ணிக்கு டவுனுல மெஷின் விக்கிறாங்க. நாப்பது வருசமா அதக் குடிச்சும் எங்கண்ணனுக்கு முட்டிவலி போகல, அது வேற கத.”

ரீட்டாவுக்கு நாற்பத்தாறு வயது. புதுக்கோட்டையில் காலை நடைக்கு ஆட்கள் கூடும் மைதானத்தின் வாசலில், ஒரு மடக்கு மேசை, இரண்டு மிக்ஸி, பக்கத்து டீக்கடையிலிருந்து இழுத்த ஒரு ஒயர், வரிசையாகக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள். இவ்வளவுதான் கடை. பெலிக்ஸ் தன் லோடு ஆட்டோவில் அவளையும் வாழைத்தண்டுக் கட்டையும் வெள்ளைப் பூசணியையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஐந்தரை மணிக்கு முதல் மிக்ஸி உறுமும். மைதானம் சுற்றி முடித்து வியர்வையோடு வருகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, நோய் தெரியும். “கல்லடைப்பு சாருக்கு வாழத்தண்டு. தைராய்டு டீச்சர், ஒங்களுக்கு நெல்லிக்காதானே?” என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பதினொரு வருடமாக மிக்ஸிக்கு மேலே பேசிப் பேசி, மிக்ஸி நின்ற பிறகும் அவள் குரல் இறங்குவதில்லை. பேச்சு சூடு பிடித்துவிட்டால் வடிகட்டியில் பாதி ஜூஸ் தேங்கி நிற்கும், அவள் கை காற்றில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தாளை அவள் கையில் கொடுத்தவர் ரெங்கராஜ். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் நடக்கும்போதும் முன்னால் போகிறவர்களை “உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்கு” என்று விரட்டுவார். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். ஒருநாள் காலை போனை நீட்டியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ரீட்டா, நீ என்ன வித்துக்கிட்டு இருக்கேன்னு ஒனக்கே தெரியாது. இதப் பாரு.”

வீடியோவில் வெள்ளைக்கோட்டுக்காரர் ஒருவர் பேசினார். எல்லா நோயும் ரத்தம் புளித்துப்போவதால் வருகிறதாம். அரிசி, மீன், கறி, டீ எல்லாம் புளிப்புச் சேர்ப்பவை. காயும் பழமும் ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் திருப்பும். திருப்பிவிட்டால் சர்க்கரை ஓடிவிடும், மாத்திரை தேவையில்லை. ரெங்கராஜின் கண்கள் பளபளத்தன. போனிலேயே ஆர்டர் போட்டு இரண்டு சுருள் சோதனைத் தாள் வரவழைத்தவர், ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். போர்டுக்கான வாசகத்தையும் அவரே எழுதித் தந்தார். ஒரு வாரத்தில் மேசைக்கு முன்னால் பச்சை எழுத்தில் தொங்கியது: ‘ரீட்டா காரத்தன்மை ஜூஸ். ரத்தம் சுத்தம், நோய் ஓட்டம்.’

முதல் நாளே ஒரு வாத்தியார் போர்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “எனக்குக் காரம் இல்லாமப் போட்டுக் குடும்மா. வயித்துல புண்ணு இருக்கு.” ரீட்டா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் ஆடி வாத்தியாரின் வெள்ளைப் பனியனில் அருகம்புல் தெறித்தது. அது அந்தக் காரம் இல்லை என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்த பிறகு அவர் தினமும் வர ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கூடியது. எட்டரைக்குத் தீரும் பூசணி ஏழரைக்கே தீர்ந்தது.

அவளுக்குள் ஒரு கேள்வி மட்டும் முள்ளாக நின்றது. எலுமிச்சையில் தாளை முக்கினால் செக்கச்செவேலென்று ஆகிறது. வீடியோக்காரரோ எலுமிச்சையைக் காரத்தன்மைப் பட்டியலில் முதலில் வைத்திருந்தார்.

“கண்டக்டர் சார், இது எப்படிங்க?”

“உள்ள போனா மாறிடும் ரீட்டா.”

“உள்ளன்னா எங்கங்க? வயித்துலயா, ரத்தத்துலயா?”

“உள்ளன்னா உள்ளதான்.”

ரீட்டா பத்தாவது வரை படித்தவள். அறிவியல் பரிட்சையில் தேறுவதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டவள். அந்த ‘உள்ள’ அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டாள். மூன்று நாள் சோறு, மீன் குழம்பு, கருவாடு, டீ. அடுத்த மூன்று நாள் ஜூஸும் காயும் மட்டும். தினமும் காலையில் தன் சிறுநீரில் தாளை முக்கி, நிறத்தைக் குறித்துவைத்தாள். பெலிக்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். “ஏன்டி, ஊருல பொம்பளைங்க நகைக்கட காலண்டர்ல பால் கணக்கு எழுதுவாங்க. நீ என்னத்த எழுதுற?”

மீன் நாட்களில் தாள் மஞ்சளாகவே இருந்தது. ஜூஸ் நாட்களில் இரண்டாவது காலையிலேயே பச்சை கடந்து நீலத்துக்குப் போனது. ரீட்டா குளியலறைக்குள்ளிருந்து கூப்பிட்ட சத்தத்துக்குத் தெருவே எட்டிப்பார்த்தது. மாறுகிறது. தான் தின்பது தன் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா மகள் ஷர்லி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

ஷர்லி அங்கே பத்து வருடமாக டெக்னீஷியன். காலண்டரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“சூப்பர் சித்தி. காலேஜ்ல எங்களுக்கு இப்படித்தான் செய்யச் சொன்னாங்க. ஆனா இது யூரின். ரத்தம் இல்ல.”

“யூரின் மாறுனா ரத்தம் மாறுனமாதிரிதானே?”

“இல்ல சித்தி. ரத்தம் மாறக் கூடாதுன்னுதான் யூரின் மாறுது. நீங்க கருவாடு தின்னா கூடுதலா வர்ற புளிப்பக் கிட்னி வெளிய தள்ளிரும். காயி தின்னா அந்தக் காரத்தையும் தள்ளிரும். ரத்தம் ஏழு புள்ளி நாலுலயேதான் நிக்கும். சாப்பாட்டால அது நகராது. நோய் முத்தி அது கொஞ்சம் நகந்தாலே ஆளு ஐசியூவுலதான் இருப்பாங்க.”

வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். ரீட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீடியோவைப் பார்த்தபோதுகூட அவள் முகத்தில் இந்த வெளிச்சம் வரவில்லை.

“அப்ப நான் ஆறு நாளா என்னத்தத் தின்னாலும் ரத்தம் அசையவே இல்லியா? யாருமே சொல்லிக்குடுக்காம அதுவாவா பாத்துக்கிது?”

“அதுவாத்தான். மூச்சு வழியாவும் சரி பண்ணிக்கும். ரத்தத்துக்குள்ளயே புளிப்பப் புடிச்சு வைக்கிற சத்தும் இருக்கு. கேன் தண்ணில மூணு சொட்டு எலுமிச்ச விட்டுப் பாருங்க, பால்லயும் மூணு சொட்டு விட்டுப் பாருங்க. புரியும்.”

“அப்ப என் ஜூசு வேஸ்டாடி?”

“காயி காயிதான் சித்தி. எண்ணெப் பலகாரத்துக்குப் பதிலா அதக் குடிச்சா ஒடம்புக்கு நல்லதுதான். சில வகை கிட்னிக் கல்லுக்கு டாக்டருங்களே யூரின மாத்த மருந்து தருவாங்க. ஆனா ரத்தத்த மாத்துது, நோயத் தொரத்துதுன்னு போர்டுல எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் பொய்யி.”

அன்று சாயங்காலம் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ரீட்டா ரத்தத்தின் பெருமையைச் சொல்லித் தீர்த்தாள். போர்டை மட்டும் கழற்றவில்லை. காய்தானே, யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்று இருந்துவிட்டாள். கூட்டம் வேறு நன்றாக இருந்தது. இரண்டு வாரம் அப்படியே போனது.

ஒரு புதன்கிழமை காலை, கையில் கட்டைப் பையோடு ஒரு அம்மா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நடக்க வந்தவர் போலத் தெரியவில்லை.

“ரீட்டாங்கிறது நீதானா?”

“ஆமாங்கம்மா. என்ன வேணும், பூசணியா, தண்டா?”

“ஒரு மண்ணும் வேணாம். நான் கண்டக்டர் வீடு, மீனம்மா. எங்க வீட்டுக்காரரு மாத்திரையத் தொட்டு இருபத்து நாலு நாளு ஆச்சு. கேட்டா, ரீட்டா கட ஜூசு இருக்கு, ரத்தம் சுத்தமாயிருச்சுங்கிறாரு. காலப் பாத்தியா அந்த மனுசனுக்கு? செருப்பு நொழைய மாட்டேங்குது.”

ரீட்டா மிக்ஸியை நிறுத்தினாள். ரெங்கராஜ் ஒரு வாரமாகத் தினமும் இரண்டு டம்ளர் வாழைத்தண்டும் ஒரு இளநீரும் குடிப்பது அவளுக்குத் தெரியும். சுற்று நடப்பதைக் குறைத்துவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஏன் என்றுதான் அவள் கேட்கவில்லை.

“எனக்குத் தெரியாதுங்கம்மா” என்றாள். பிறகு, “தெரிஞ்சிருக்கணும்” என்றாள்.

மீனம்மாள் போன பிறகு ஷர்லிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஷர்லியின் குரல் மாறியது. சர்க்கரைக்காரர், கால் வீக்கம் என்றால் கிட்னியைப் பார்க்க வேண்டும். கிட்னி தளர்ந்திருந்தால் தண்டிலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது, அது கூடினால் இதயம் நின்றுபோகும். “இனிமே ஒரு டம்ளர்கூடக் குடுத்துராதீங்க சித்தி. எப்படியாச்சும் இங்கிட்டுக் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் ரெங்கராஜ் வந்தபோது ரீட்டாவின் மேசையில் ஜூஸ் இல்லை. இரண்டு டம்ளர்கள் மட்டும் இருந்தன. ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் டீக்கடையில் வாங்கிய பால். பக்கத்தில் ஒரு எலுமிச்சை மூடி.

“என்ன ரீட்டா, தண்டு அரைக்கலியா?”

“அரைக்கிறேன் சார். மொதல்ல ஒங்க தாளு ஒண்ணு குடுங்க.”

காலை நடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். தண்ணீரில் மூன்று சொட்டு எலுமிச்சை விட்டு அவள் தாளை முக்க, அது ஆரஞ்சாக மாறியது. பாலிலும் அதே மூன்று சொட்டு. தாள் கொஞ்சமும் சிவக்காமல், எலுமிச்சை விடுவதற்கு முன்பு இருந்த அதே நிறத்தில் வந்தது. “இன்னொரு சொட்டு விடு” என்றார் வாத்தியார். விட்டாள். அசையவில்லை. “அட, அசைய மாட்டேங்குதுப்பா” என்று யாரோ பின்னாலிருந்து எக்கினார்கள். கல்லடைப்பு சார் தானே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

ரெங்கராஜ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அது பாலு. என் ஒடம்பு பாலா? தினமும் காலைல யூரின்ல எனக்கு நீலம் காட்டுது ரீட்டா. கண்ணால பாக்குறேன்.”

“எனக்கும் காட்டுச்சு சார். நீங்க தாள்ல பாக்குறது ஒங்க ரத்தம் இல்ல, ரத்தம் வேணாம்னு வெளிய தள்ளுனது. எறங்கிப்போன பாசஞ்சர எண்ணிட்டு, வண்டிக்குள்ள எத்தன பேருன்னு எழுதலாமா சார்? முப்பது வருசத்துல அப்படி எழுதியிருக்கீங்களா?”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ரெங்கராஜ் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த தாள் சுருளை விரல் தானாக உருட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் வண்டிக்குள் தலையை எண்ணிய மனிதர். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிய எந்த நாளும் அவர் கணக்கு தவறியதில்லை.

“அப்ப வண்டிக்குள்ள எப்படிப் பாக்குறது?” என்றார் மெதுவாக.

“ஷர்லி லேப் தொறந்திருச்சு சார். வெறும் வயித்துலதானே இருக்கீங்க? ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னா அந்தப் போர்டுல ஒங்க போட்டோவையே போடுறேன். வாங்க.”

கடையை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு, அவளே ஆட்டோ பிடித்தாள். செருப்புக்குள் நுழையாத காலோடு அவர் ஏறுவதற்கு அரை நிமிடம் ஆனது. அதுவரை அவள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள்.

முடிவு பத்து மணிக்கு வந்தது. சர்க்கரை முந்நூற்று நாற்பது. கிட்னி பாதிக்கு மேல் தளர்ந்திருந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஆறைத் தாண்டியிருந்தது. ஷர்லி அந்தத் தாளை ரெங்கராஜின் கையில் கொடுக்காமல் நேராக டாக்டருக்குப் போன் செய்தாள். பத்தரைக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார், நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மைதானத்திலேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் மீனம்மாளிடம் சொன்னார். மீனம்மாள் வராந்தாவுக்கு வந்து ரீட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை.

அன்று மத்தியானமே ரீட்டா போர்டைக் கழற்றி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, காய்ந்தும் காயாமலும் ‘காய்கறி ஜூஸ்’ என்று மட்டும் எழுதினாள். மறுநாள் காலை நடைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்று காரத்தன்மை எங்கே போனது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். கிட்னி எப்படித் தள்ளுகிறது, மூச்சு எப்படிச் சரிசெய்கிறது, ரத்தம் எப்படி அசையாமல் நிற்கிறது. சொல்லச்சொல்ல அவள் குரல் ஏறியது. “ஒங்களுக்குள்ள இப்படி ஒண்ணு ராப்பகலா வேல பாக்குதுங்க. நாம அதுக்குக் கத்துக்குடுக்கப் போறோமாக்கும். பூசணி ஜூச ஊத்தி ரத்தத்தத் திருப்புறாங்களாம். அதத் திருப்பவே முடியாதுங்க. அம்புட்டு வீம்பு அதுக்கு.” சிலர் ஏமாற்றத்தோடு போனார்கள். எதிர்ப்பக்கம் காரத்தன்மைத் தண்ணீர் என்று ஒரு புதுக் குடை முளைத்தது, கொஞ்சம் பேர் அங்கிட்டு நகர்ந்தார்கள். வாத்தியார் மட்டும், “இதுவே நல்லாயிருக்கு, காரமில்லாம” என்று சொல்லிவிட்டு வழக்கம்போல நெல்லிக்காய் குடித்தார்.

ஒன்பதாவது நாள் ரெங்கராஜ் வந்தார். இளைத்திருந்தார், செருப்பு காலில் சரியாக நுழைந்திருந்தது. சட்டைப்பையில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த சீட்டு. ரீட்டா அதை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தாள். அவளுடைய மேசையில் இருந்ததில் ஒன்றுகூட அவருக்கு ஆகாது.

“அப்ப நான் இங்க வரக்கூடாதா?” என்றார்.

“ஏன் வரக்கூடாது? உக்காருங்க. கூட்டம் சேருது, உள்ள போகச் சொல்லுங்க.”

அவர் மெதுவாகச் சிரித்தார். பிறகு உண்மையிலேயே எழுந்து நின்று, வரிசையில் முண்டிய இருவரைப் பார்த்து, “எடம் கெடக்கு, எடம் கெடக்கு” என்றார்.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண், ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு டம்ளர் வாழைத்தண்டு பார்சல் கேட்டாள். ரீட்டா அரைத்து, வடிகட்டி, கவரில் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கையில் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, “யாருக்கும்மா?” என்றாள்.

“மாமனாருக்குங்க. கிட்னி டாக்டர்கிட்டப் போய்க்கிட்டு இருந்தாரு. இப்ப மருந்த நிறுத்திட்டு இதக் குடிக்கலாம்னு…”

ரீட்டாவின் கை மறுபடி நீண்டது. அந்தப் பெண்ணின் விரலிலிருந்து கவரை வாங்கி, ரப்பர் பேண்டை உருவி, ஜூஸை ஒரு சொம்பில் ஊற்றினாள். அந்தப் பெண் திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, ரீட்டா நின்றபடியே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அத்தனையையும் குடித்து முடித்தாள்.